மூன்று தடவை கேட்க வேண்டும்

1

குளச்சல் கடற்கரையில் பிறந்து, கோயில் மணியைக் கேட்டு எழுந்து, செபமாலை சொல்லிப் படுத்து வளர்ந்தவளுக்கு யூதப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று ஊரில் என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மூக்குத் துடைக்கிற வேலை.

டொரண்டோவின் வடக்குப் பக்கம் இருக்கிறது பள்ளி. எங்கள் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். காலையில் ஆங்கிலமும் கணக்கும், மதியம் எபிரேயமும் யூத நெறியும். மதிய வகுப்பை எடுப்பவள் ரீனா. பேரைக் கேட்டு நம்மூர்க்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூரில் தெருவுக்கு இரண்டு ரீனா உண்டுதான், ஆனால் இவள் அசல் யூதப் பெண்மணி, வயது ஐம்பத்தைந்து. நான் அவளுக்கு உதவியாள். பிள்ளைகளுக்கு நானும் ‘மோரா பிரிஜிட்’தான். மோரா என்றால் டீச்சர்.

இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷம். அதற்கு முன்னால் நாலு வருஷம் ரீனாவின் தாயாரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டேன். அந்தக் கிழவியிடம்தான் எல்லாம் படித்தேன். பாலுக்கு ஒரு கரண்டி, இறைச்சிக்கு ஒரு கரண்டி, இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. செதிலும், செட்டை என்கிற துடுப்பும் உள்ள மீன் ஆகும், இறாலும் கணவாயும் நண்டும் ஆகாது. குளச்சல்காரியிடம் இறால் ஆகாது என்றால் எப்படி இருக்கும்! ஆனால் சாளை மீனுக்குச் செதில் உண்டு, செட்டை உண்டு. கிழவி சாளைப் புளிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

பிள்ளைகள் என்னிடமிருந்து படித்தது ஒரே ஒரு வார்த்தை. வரிசையில் நிற்காமல் ஓடுகிற பிள்ளைகளை என்னை அறியாமல் “ஏட்டி, நில்லு!” என்று அதட்டிவிடுவேன். நம்மூரில் பெண்பிள்ளைகளை மட்டும் கூப்பிடுகிற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டும் ஒன்றையொன்று ஏட்டி என்றுதான் கூப்பிடுகின்றன. ஒரு தாய் என்னிடம் வந்து, “இந்த எபிரேய வார்த்தை எனக்குத் தெரியவில்லையே, என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். பழைய வார்த்தை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்படியே சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு போகலாம். வழக்கமாக அப்படித்தான் ஊருக்கு எழுதுவேன். இந்தத் தடவை முடியவில்லை. போன வாரம் திங்கட்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது.

2

குடியேற்ற அலுவலகத்துக் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அன்புள்ள என்று தொடங்கும். நன்றி என்று முடியும். நடுவில் கழுத்தை அறுக்கும்.

என் மகள் ஜெனிஷாவை என்னோடு கூட்டிக்கொள்ள இரண்டாவது முறையாகப் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில் அது. முதல் விண்ணப்பத்தைத் தள்ளியபோது, மேற்படி குழந்தை விண்ணப்பதாரரின் குடும்ப உறுப்பினராகக் கருதப்படமாட்டாது என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது, மனிதாபிமான அடிப்படையில் கேட்டது. அதையும் தள்ளிவிட்டார்கள். கேட்டு வாங்கிய பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், நானும் அவளும் சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பரிசீலித்தார்களாம். அவள் நான் பெற்ற பிள்ளை என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லையாம். ஆனாலும் உறுப்பினர் இல்லையாம்.

கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் கிடந்த சோற்றை மறந்துபோனேன். அடிப்பிடித்த நாற்றத்தில் புகைமணி அடித்து, பக்கத்துவீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினான். ஸாரி ஸாரி என்று அவனிடம் பத்துத் தடவை சொன்னேன். இங்கே அந்த வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. முட்டியவனும் சொல்வான், முட்டுப்பட்டவனும் சொல்வான்.

ஜெனிஷாவுக்கு இப்போது வயது பதிமூன்று. நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் என் அக்கா லில்லி வீட்டில் வளர்கிறாள். ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்தேன். லில்லியக்காவைத்தான் அம்மா என்பாள். என்னைக் கனடா அம்மா என்பாள். அக்காவிடம் நீ, போ, வா என்று சண்டை பிடிப்பாள். என்னிடம் நீங்க, வாங்க என்று மரியாதையாகப் பேசுவாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நான் ஊருக்குப் போனால், முதல் வாரம் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். இரண்டாம் வாரம் பக்கத்தில் உட்காருவாள். மூன்றாம் வாரம் என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவாள். நாலாம் வாரம் நான் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவேன். இதுதான் நான் பிள்ளை வளர்த்த லட்சணம்.

ஊருக்கு வந்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். லில்லியக்காவும் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன் அவர். நான் இங்கே வேலையை விட்டால் அங்கே அது நின்றுபோகும். அதனால் வந்துவிடு என்று அக்கா சொல்லும்போதே அவள் குரல் நடுங்கும். நானும் வருகிறேன் என்று சொல்லமாட்டேன்.

3

எதனால் அவள் என் குடும்ப உறுப்பினர் இல்லை என்பதை இதுவரை நான் யாருக்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கிளீட்டஸ் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஜெனிஷாவுக்கு அப்போது பத்து மாசம். வள்ளமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், உடம்பு கிடைக்காத சாவுக்குச் சான்றிதழ் கிடையாது. ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை நான் விதவையும் இல்லை, கட்டியவனோடு இருப்பவளும் இல்லை. அடக்கப் பூசைகூட வைக்காமல், காணாமற்போனவருக்கான பூசை வைத்தார்கள்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கனடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாகர்கோவிலில் ஒரு ஏஜன்டைப் போய்ப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை இருந்தது. அவர் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“கொச்சுக்குத் தகப்பன் சம்மதம் எழுதிக் குடுக்கணுமே மக்களே. தகப்பன் எங்க?”

“கடல்ல.”

“அது தெரியும். செத்ததுக்குப் பேப்பர் உண்டா?”

“உடம்பு கெடைக்கலண்ணே.”

பேனாவை மூடிவைத்துவிட்டார். பிறகு, “உன் பாஸ்போர்ட்ல யாரு பேரு இருக்கு?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கல்ஃபுக்குப் போகவென்று எடுத்த பாஸ்போர்ட். அப்பா பேர்தான் இருந்தது.

“அப்பம் எளுப்பம், லேசா முடிஞ்சிரும். கல்யாணம் ஆவல்ல, பிள்ளை இல்லன்னு போட்டுருவோம். போய்ச் சேந்த பிறவு பைய சேத்துக்கிடலாம். எல்லாரும் இப்பிடித்தான் போறாவ. நீ ஒண்ணும் பயப்படாண்டாம்.”

குழந்தைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இல்லை என்று எழுதினார். இந்த இடத்தில் கையெழுத்துப் போடு என்று விரலை வைத்துக் காட்டினார். ஜெனிஷா என் மடியில் உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் போட்டேன். ஏஜன்டைத் திட்டி என்ன செய்ய? கை என்னுடையதுதானே.

நாலு வருஷம் கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு எழுதியபோது அதே கட்டம் மறுபடி வந்தது. அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் முதலில் சொன்னது பொய்யென்று தெரிந்து என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மறுபடியும் இல்லை என்று எழுதினேன். அந்தத் தடவை ஏஜன்ட் யாரும் பக்கத்தில் இல்லை.

ஏழு வருஷம் முடிந்து கிளீட்டஸின் சான்றிதழ் கையில் கிடைத்ததும் ஊருக்குப் போய் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதற்காகத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாலைக் காற்றாடிகளைப் பார்த்து, “இதுல எது கனடா போவும்?” என்று கேட்டாள். எல்லாம் போகும் என்றேன். அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிப்போனது. புதுப்பித்து வைத்திருக்கிறோம். அதிலும் இதுவரை ஒன்றும் விழவில்லை.

4

கடிதம் வந்த மறுநாள் வகுப்பில் பாடம் என்ன தெரியுமா? எமெத். அதாவது உண்மை.

செவ்வாய்க்கிழமைக்கு வேண்டியதைத் திங்கட்கிழமையே தயார் செய்து வைப்பது என் வேலை. மரக்கட்டையில் வெட்டிய எழுத்துகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ரீனாவுக்கு ஒரு முறை உண்டு. உண்மை என்ற வார்த்தைக்கு எபிரேயத்தில் மூன்று எழுத்து. மூன்றுக்கும் அடிப்பாகம் அகலம், மேசையில் வைத்தால் நிற்கும். பொய் என்பதற்கும் மூன்று எழுத்து. அவை ஒற்றைக் காலில் நிற்பவை, வைத்தால் விழுந்துவிடும். இது அவர்களுடைய பெரியவர்கள் காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியாம். பிள்ளைகள் தாங்களே கட்டைகளை நிறுத்திப் பார்க்க வேண்டும். நின்றது எது, விழுந்தது எது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

தாலியா என்று ஒரு பெண் உண்டு. முன்பல் இரண்டும் விழுந்தவள், வாய் ஓயாதவள். அவளுக்குத் தோற்கவே பிடிக்காது. பொய்க் கட்டையை நிறுத்தியே தீருவேன் என்று நிறுத்தினாள், விழுந்தது, நிறுத்தினாள், விழுந்தது. கடைசியில் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. பக்கத்தில் கிடந்த விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டை பிய்த்து, கட்டையின் காலுக்கு அடியில் ஒட்டி நிறுத்திக் கொடுத்தேன். நின்றது. தாலியா கையைத் தட்டினாள்.

ரீனா வந்து பார்த்தாள். “பிரிஜிட், களிமண்ணை எடு. அது விழ வேண்டும். விழுவதுதான் பாடம்,” என்று மெதுவாகச் சொன்னாள்.

எடுத்தேன். கட்டை சாய்ந்து மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் குனிந்து கட்டையை எடுத்தேன். பன்னிரண்டு வருஷமாக நான் ஒட்டி ஒட்டி நிறுத்தி வைத்திருப்பது என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால்! இந்தப் பள்ளியில் ரீனா உட்பட ஒருவருக்கும் எனக்கு மகள் இருப்பது தெரியாது. எங்கே எழுதினேனோ அங்கே மட்டும் பொய் இருந்தால் போதாது, எல்லா இடத்திலும் இருந்தாக வேண்டும். பிள்ளை உண்டா என்று புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்டால், “இதோ, பதினெட்டு,” என்று சிரிப்பேன். நல்ல பதில் என்று அவர்களும் சிரிப்பார்கள்.

5

வியாழக்கிழமைப் பாடம் ஸ்லிஹா. மன்னிப்பு.

யோம் கிப்பூர் என்று அவர்களுக்கு ஒரு பெரிய நோன்பு நாள் வரும். அதற்கு முந்திய நாட்களில், வருஷம் முழுக்க யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும், அதில் கடவுள் தலையிட மாட்டார். இதை ரீனா ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொன்ன விதம் இது: “நீ ஆடமின் பென்சிலை உடைத்துவிட்டு என்னிடம் வந்து ஸாரி சொன்னால், ஆடமுக்கு என்ன லாபம்?”

நான் வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பன்னிரண்டு தவக்காலம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இங்கே கோயிலில் நம் தமிழ்ச் சாமியார் ஒருவர் இருக்கிறார், சாந்தமானவர். பொய் சொன்னேன் சாமி என்பேன். பத்து அருள்நிறை மரியே சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு எழுந்தால் ஒரு வாரம் மனசு லேசாக இருக்கும். ஜெனிஷாவிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கனடாக்காரன் விசா தரமாட்டேன் என்கிறான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் பாவம், பள்ளிக்கூடத்தில் கனடா படத்தை வரைந்தால் கறுப்புக் கலர்தான் அடிப்பாளாம்.

“கேட்டும் மன்னிக்காவிட்டால்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் மூன்றாவது தடவை. மூன்று தடவை மனசாரக் கேட்டும் மன்னிக்காவிட்டால், கேட்டவரின் பொறுப்பு தீர்ந்தது. அதற்குமேல் கேட்கத் தேவையில்லை,” என்றாள் ரீனா.

பிறகு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தம்பியிடம். பூனையிடம். பக்கத்துவீட்டு மாமியிடம். சுற்றி முடிந்ததும் தாலியா என் பக்கம் திரும்பினாள்.

“மோரா பிரிஜிட், நீ யாரிடம்?”

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். பஸ் டிரைவரிடம் என்று சொல்லியிருக்கலாம்.

“என் மகளிடம்,” என்றேன்.

“உனக்கு மகள் இருக்கிறாளா?” பதினெட்டுக் குரலும் ஒரே நேரத்தில் எழுந்தது. “பேர் என்ன? எங்கே இருக்கிறாள்? அவளுக்குப் பல் விழுந்துவிட்டதா?” நான் ரீனாவைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு ரீனா என்னைப் பொருள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், திங்கட்கிழமைக் கடிதத்தைக் காட்டினேன். அவள் பசை டப்பாக்கள் அடுக்கிய பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“என் அம்மாவை நாலு வருஷம் குளிப்பாட்டினாய். அவள் என் குழந்தைப் படங்களை உன்னிடம் காட்டிக்கொண்டே இருப்பாள். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். எப்படிப் பேசாமல் இருந்தாய்?”

 அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, டீச்சர் குரலில் கேட்டாள்: “அவளிடம் கேட்டுவிட்டாயா?”

6

இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே சாயங்காலம் நாலரை. ஜெனிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்றுகொண்டிருக்கும் நேரம். வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கூப்பிட்டேன்.

“சொல்லுங்கம்மா. ட்யூஷனுக்குப் போணும்.”

“மக்கா, உங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். விசா கெடைக்கல்ல.”

“அது தெரிஞ்சதுதானே. கனடாக்காரன் எப்பம் தந்தான்?”

“கனடாக்காரன்மேல தப்பில்ல. நான்தான். நான் இங்க வரும்போ எழுதிக் குடுத்த பேப்பர்ல, எனக்குப் பிள்ளை இல்லன்னு எழுதிட்டேன். அதனாலதான் அவனுவ உன்னை விடமாட்டேங்கானுவ. எனக்கு மன்னிப்பு தா மக்கா.”

வாயில் இருந்ததை அவள் மெல்லுகிற சத்தம் நின்றது. பின்னால் லில்லியக்கா யாரையோ திட்டுவது கேட்டது.

“நான் இல்லன்னு எழுதிக் குடுத்தியளா?”

“அப்பிடி எழுதினாத்தான் விடுவானுவன்னு அந்த ஏஜன்ட்…”

“நான் அப்பம் எங்க இருந்தேன்?”

“என் மடியில.”

போனை வைத்துவிட்டாள். என் பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிப் போயும்விட்டது. முதல் தடவை அப்படி முடிந்தது.

சனி, ஞாயிறு எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததாகக் காட்டும், பதில் வராது. திங்கட்கிழமை எடுத்தாள். எனக்குள் ஒரு பதற்றம். என்ன சொன்னால் இந்தப் பிள்ளை இளகும் என்று தெரியாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வழக்கம், மூன்று தடவை கேட்க வேண்டும், அது பெரிய நோன்புக்கு முன்னால், இது இரண்டாவது தடவை என்று பாடம் நடத்திவிட்டேன். எவ்வளவு பெரிய மடத்தனம்! பதிமூன்று வயதுப் பிள்ளையின் காயத்தின்மேல் உட்கார்ந்து வகுப்பெடுத்த தாய் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“மூணு தடவையும் முடியாதுன்னு சொன்னா?”

“கேட்டவளுக்குப் பொறுப்பு தீந்துதுன்னு சொல்லுவாவ.”

“கொள்ளாம்,” என்றாள். “நல்ல வழக்கம். இப்பம் ரெண்டாச்சு. எனக்கு முடியாது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

7

மறுநாள் லில்லியக்கா கூப்பிட்டாள். அவள் என்மேல் கோபப்பட்டு நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.

“ஏட்டி, பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லி வச்ச? சாப்பிடமாட்டேங்கா. பள்ளிக்கூடத்துல ஒரு படிவம் குடுத்திருக்காவ. அதுல அம்மா பேருன்னு இருக்கிற எடத்துல கோடு போட்டு விட்டுருக்கா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிறப்புச் சான்றிதழ்ல பிரிஜிட்டுன்னு இருக்கே, பிள்ளை ஏன் எழுதல்லன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?”

என்னத்தச் சொல்ல? நான் விட்ட கட்டத்தை அவளும் விட்டுவிட்டாள். கணக்கு நேராகிவிட்டது என்று சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. “அக்கா, அவ எழுதாட்டா விட்டுரு. கட்டாயப்படுத்தாத,” என்றேன்.

“உனக்கென்ன, நீ அங்க இருந்து சொல்லிருவ. இங்க பிள்ளை பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு அழுகா. பன்னெண்டு வருஷம் நானும் இதை அவகிட்டச் சொல்லாம காத்து வச்சேன். நீ ஒரு நிமிஷத்துல ஒடைச்சிட்ட.”

“பொய்யத்தானக்கா ஒடைச்சேன்.”

“அந்தப் பொய்மேலதாம்ட்டி அவ நின்னா,” என்றாள் அக்கா. பிறகு மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வகுப்பில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு பிள்ளையின் இறைச்சி டப்பாவைப் பால் மேசையில் வைத்துவிட்டேன். ஏழு வருஷத்தில் செய்யாத தப்பு. ரீனா எடுத்து மாற்றி, மேசையைத் துடைத்தாள். “நாளை சாயங்காலம் நோன்பு தொடங்கிவிடும். மூன்றாவது தடவை கேட்க இன்னும் நேரம் இருக்கிறது,” என்றாள். அவள் நல்லதைத்தான் சொன்னாள். ஆனால் நான் போனைத் தொடவில்லை. மூன்றாவது தடவை கேட்டால் ஜெனிஷா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் என் மகள், என்னைப்போல் பிடிவாதக்காரி. முடியாது என்பாள். அத்தோடு அந்த வழக்கப்படி நான் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். போய் எங்கே நிற்பேன்?

நோன்பு தொடங்கும் நாள் காலை ஏழு மணி. பஸ் நிறுத்தத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடவா வேண்டாமா என்று நின்றேன். அப்போது ஒரு குரல் செய்தி வந்தது. ஜெனிஷாதான். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம்.

“அம்மா, லில்லிப் பெரியம்மைக்குத் தெரியாமப் பேசுகேன். அந்த மூணாவது தடவை இருக்குல்லா, அது நீ கேக்காண்டாம். கேட்டா நான் முடியாதுன்னுதான் சொல்லுவேன், அது உறப்பு. சொல்லியாச்சுன்னா உனக்கு எல்லாம் தீந்துபோவும். நீ பாட்டுக்குப் போயிருவ. தீரப்படாது. நீ கேக்காம அப்பிடியே இரு. கேட்டியா?”

அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க ஓவென்று அழுதேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஸாரி என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

அன்று பள்ளி மதியத்தோடு விட்டது. ரீனா கோட்டு மாட்டிக்கொண்டே, “கேட்டுவிட்டாயா?” என்றாள். இல்லை என்றேன். போனை எடுத்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். அவளுக்குத் தமிழில் தெரிந்தது ஏட்டி ஒன்றுதான். நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நின்று கேட்டாள். பிறகு, இன்னொரு தடவை போடு என்றாள்.

இங்கே ஒரு வக்கீலிடம் மூன்றாவது விண்ணப்பத்துக்குப் படிவம் வாங்கியிருக்கிறேன். இதைக் கிளறினால் என்னையே ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றார். அனுப்பட்டும். குழந்தைகள் என்ற கட்டத்தில் அவள் பேரை இந்தத் தடவை நானே என் கையால் எழுதினேன். மூன்றாவது தடவை அலுவலகத்திடம் கேட்பேன். மகளிடம் கேட்க மாட்டேன்.